தோட்டத்துக் குட்டைக்கு ஒரு சரிவு வேண்டும்

கொல்லையில் சின்னதாக ஒரு குட்டை வெட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "கொசு மொய்க்கும்" என்பார் ஒருவர். "பாம்பு வந்து குடியேறும்" என்பார் இன்னொருவர். ஆதரவாகப் பேசுகிறவர்கள்கூட, "சிமென்ட்ல தொட்டி கட்டி நாலு கலர் மீன் விடு, பம்ப் போட்டு ஊற்று வை, பார்க்க நல்லா இருக்கும்" என்பார்கள். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேரும் மனதில் வைத்திருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டியை.

தவளையும் தட்டானும் தேனீயும் குருவியும் தேடி வருகிற குட்டை வேறு விதமாக இயங்குகிறது. அது இயங்கும் விதம் பிடிபட்டுவிட்டால் எதைச் செய்வது, எதை விடுவது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். தமிழ்நாட்டு வெயிலையும் மழையையும் மனதில் வைத்து, இதைப் பற்றி முதல்முறையாக யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

## கிணறும் ஏரியும்

எங்கள் வீட்டில் முதலில் இருந்தது செங்கல் வைத்துக் கட்டிப் பூசிய ஒரு தொட்டி. இரண்டடி ஆழம், நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர், உள்ளே ஒரு அல்லி. பங்குனி மாதம் ஒரு காலையில் அதில் அணில் ஒன்று செத்து மிதந்தது. தண்ணீர் குடிக்க வந்து வழுக்கி விழுந்திருக்கிறது. சுவரில் படிந்திருந்த பாசி முழுக்க அதன் நகம் கீறிய தடம். வெகுநேரம் சுற்றிச் சுற்றி நீந்தியிருக்க வேண்டும். அதைப் புதைத்துவிட்டு வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தபோதுதான், ஏறி வர ஒரு பிடிமானம்கூட அதில் இல்லை என்பது உறைத்தது.

கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் விழுந்தது ஏறி வர வழியில்லை. ஏரி அப்படியில்லை. ஒரு பக்கம் உயரமான கரை, மதகு; அங்கே ஆழம். எதிர்ப்பக்கம், மழைத் தண்ணீர் வந்து சேரும் உள்வாயில், நிலம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் மெல்ல மெல்ல இறங்கும். ஆடு மாடு அங்கேதான் இறங்கிக் குடிக்கும். மடையானும் கொக்கும் நிற்பது அங்கேதான். கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான் அவற்றுக்குச் சாப்பாடு கிடைக்கிறது.

கடையில் வாங்கி வைக்கிற தொட்டியும் கொத்தனார் கட்டித் தருகிற தொட்டியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் உருவத்தில் கிணறுதான். உயிர்களுக்கு வேண்டியது ஒரு சின்ன ஏரி. கரைப்பக்கம் ஒன்று, உள்வாய்ப்பக்கம் ஒன்று.

## அந்தச் சரிவு என்ன வேலை செய்கிறது

தெப்பக்குளத்துப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கால் நனைப்பவர்கள் முதல் படியில், துணி அலசுபவர்கள் இரண்டாம் படியில், குளிப்பவர்கள் இன்னும் இரண்டு படி கீழே, நீச்சல் தெரிந்தவர்கள் நடுவில். ஒரே குளம்தான். ஆனால் ஆழத்துக்கு ஆழம் வேறு வேறு ஆட்கள். குட்டையின் சரிவிலும் இதேதான் நடக்கிறது.

தண்ணீர் வெறுமனே ஈரமாக, விரல் நுனி அளவுக்கு நிற்கும் விளிம்பில் தேனீ வந்து குடிக்கும். தேனீக்கு நீந்தத் தெரியாது. ஈரக் கூழாங்கல்லோ சேறோ இருந்தால்தான் உட்கார்ந்து உறிஞ்ச முடியும். அதே ஈரச் சேற்றில் வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்ந்து மண்ணிலுள்ள உப்புகளை உறிஞ்சும். பூந்தேனில் அந்த உப்புகள் அவற்றுக்குப் போதுமான அளவு கிடைப்பதில்லை. சுவரில் மண்கூடு கட்டும் குளவி இங்கிருந்துதான் மண் உருட்டி எடுத்துப் போகும்.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் மைனாவும் தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் இறக்கையை அடித்துக் குளிக்கும். அதற்கு மேல் ஆழம் இருந்தால் இறங்கப் பயப்படும். ஒரு சாண் ஆழத்தில் தலைப்பிரட்டைகள். இங்கே வெயில் அடிமண் வரைக்கும் விழுவதால் கல்லின் மேலும் இலையின் மேலும் மெல்லிய பாசி படரும். தலைப்பிரட்டை அதைச் சுரண்டித் தின்கிறது. தண்ணீர் இளஞ்சூடாக இருப்பதால் வேகமாக வளர்கிறது. தேரை முட்டையிடுவதும் இந்த ஆழத்தில்தான். ஐப்பசி மழை விட்ட காலையில் பார்த்தால், நீளமான கண்ணாடி இழைக்குள் கறுப்பு மணிகளைக் கோத்தது போல் செடிகளைச் சுற்றிக் கிடக்கும்.

ஆழமான பகுதியின் வேலை வேறு. சித்திரை வெயிலில் மேல்தண்ணீர் கொதிக்கும்போது எல்லோரும் ஒதுங்குகிற நிழல் அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குட்டையின் உயிர் பெரும்பாலும் அதன் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கமாவது சரிவு இருந்தால் விழுந்தது ஏறி வரும், குடிக்க வந்தது குடித்துவிட்டுப் போகும், முட்டையிட வந்ததுக்கு இடம் கிடைக்கும்.

## தண்ணீர் பச்சையாகிவிட்டதே!

புதுக்குட்டையில் தண்ணீர் நிரப்பி பத்து நாளில் அது பச்சையாகும். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அழுக்கு என்று நினைத்து மொத்தத் தண்ணீரையும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். மறுபடி பத்து நாளில் பச்சை.

நடப்பது இதுதான். தண்ணீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள் கரைந்திருக்கின்றன. யூரியாவிலும் டிஏபியிலும் வயலுக்குப் போடுகிறோமே, அதே சத்துகள். இவற்றை ஊட்டச்சத்து என்று சொல்வோம். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கொஞ்சம் இருக்கும். எரு கலந்த மண்ணைப் போட்டிருந்தால் நிறைய இருக்கும். உதிர்ந்த இலை அழுகினால் இன்னும் சேரும். பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்தாகிவிட்டது. முதலில் வந்து உட்காருவது யார்? கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள். அவை ஒன்று இரண்டாகப் பிளந்து பெருகுகிறவை. வேருள்ள செடி ஒரு இலை விடுவதற்குள் அவை பல மடங்காகியிருக்கும்.

அடுத்து, அந்தப் பாசியைத் தின்ன ஆள் வரும். கடுகைவிடச் சிறிதாக, தண்ணீரில் துள்ளித் துள்ளி நகரும் நீர்த்தெள்ளு பாசியை வடிகட்டித் தின்கிறது. மூழ்கிய செடிகளும் வேர் பிடித்து ஊட்டச்சத்தை இழுக்கத் தொடங்கும். சில வாரங்களில் தண்ணீர் தெளியும். பொறுமை இல்லாமல் இறைத்துவிட்டால் நீர்த்தெள்ளும் போய்விடும், புதுத் தண்ணீரோடு புதுச் சத்தும் வந்துவிடும். பந்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தெளிந்த பிறகும் அது கண்ணாடி போல் இருக்காது. லேசான தேநீர் நிறம், அடியில் கொஞ்சம் இலைச் சக்கை. அது அப்படி இருப்பதுதான் சரி.

பச்சையை விடக் கவலைப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. தண்ணீரில் வாழ்பவை பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கின்றன. இதற்குக் கரைந்த ஆக்சிஜன் என்று பெயர். தண்ணீர் சூடாக ஆக அது குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். பகலில் செடிகள் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அவையும் சேர்ந்து செலவழிக்கும். அதனால் விடியும் முன்பு கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். மீன் தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். இலைக்குப்பை அழுகும்போதும் ஆக்சிஜன் செலவாகும். எனவே வேம்பு, புளி, சரக்கொன்றை மாதிரி கொட்டித் தள்ளுகிற மரத்தடியில் குட்டை வேண்டாம். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, உச்சி வெயில் சாயும்போது நிழல் படுகிற இடம்தான் நம் ஊருக்குப் பொருந்தும்.

## கொசு: கணக்கு நாட்களில் இருக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் வீட்டில் "கொசுவா, அதெல்லாம் வராது" என்று வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலில் எந்தக் கொசு எங்கே வளர்கிறது என்று பார்ப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று சின்னப் பாத்திரங்களைத் தேடும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டை ஒட்டும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். கியூலெக்ஸ் கொசுவுக்கு ஏற்ற இடம் சாக்கடை. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் வகைக்கு மூடாத மேல்நிலைத் தொட்டியும் கிணறும்.

இந்த இடங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் உண்டு: கொசுப்புழுவைத் தின்ன அங்கே யாரும் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் சூட்சுமம். நம் ஊர் வெப்பத்தில் கொசு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறந்து போக ஏழு முதல் பத்து நாள் போதும். அதைத் தின்னும் பூச்சிகள் வளரப் பல வாரம் ஆகும். சிரட்டையில் தண்ணீர் பத்து நாள் நின்றால் கொசுவுக்குப் போதும், தட்டானுக்குப் போதாது. குட்டையில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. வேட்டைக்காரர்களுக்கு நேரம் கிடைக்கிறது.

யார் அந்த வேட்டைக்காரர்கள்? முதல் பெயர் தட்டான். பறக்கிற தட்டானை நமக்குத் தெரியும். அதன் வாழ்க்கையின் முதல் பகுதி முழுக்கத் தண்ணீருக்கு அடியில் கழிகிறது. முட்டையிலிருந்து வந்து, இறக்கை முளைக்கும் வரை தண்ணீரில் இருக்கும் அந்தப் பருவத்தை இளம்பூச்சி என்று வைத்துக்கொள்வோம். மண் நிறம், ஆறு கால். அதன் கீழுதடு, முழங்கை மாதிரி மடிந்து முகத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு போய்ப் பிடித்து இழுத்து வரும். அது சுவாசிப்பதும் விசித்திரம்தான். பின்பக்கமாகத் தண்ணீரை உள்ளே இழுத்து அதிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆபத்து என்றால் அதே தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு முன்னால் பாயும். ஊசித்தட்டானின் இளம்பூச்சிக்கு வால் நுனியில் மூன்று இலை போன்ற செவுள்கள் இருக்கும். இரண்டுமே கொசுப்புழுவை விரும்பித் தின்பவை.

அப்புறம், துடுப்புப் போட்டு மல்லாந்து நீந்தும் ஒரு பூச்சி, தண்ணீர் மேல் கால் நனையாமல் சறுக்கும் இன்னொன்று, கறுப்பாக மின்னும் நீர் வண்டு. இவற்றை எங்கிருந்தும் வாங்கி வர வேண்டாம். பறந்தே வரும். தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் தன்மை உடையது. நம் கண்ணுக்கு அது தெரியாது, இவற்றின் கண்ணுக்குத் தெரியும். வானத்திலிருந்து பார்த்து, "அதோ தண்ணீர்" என்று இறங்கிவிடும். கழுவித் துடைத்த கார் மேல் தட்டான் வாலை வாலைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாவம், காரின் பளபளப்பைத் தண்ணீர் என்று எண்ணி முட்டையிடப் பார்க்கிறது. பக்கத்தில் ஒரு நிஜக் குட்டை இருந்தால் அந்த முட்டைகளில் சில பிழைக்கும்.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்வோமே, அப்படிக் கூட்டமாகப் பறப்பவற்றில் ஒரு மஞ்சள் தட்டான் உண்டு. அதன் இளம்பூச்சி மழைக்குட்டைகளில் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடும். அந்தத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். கொல்லையில் இருக்கும் ஆறடிக் குட்டையும் அந்தப் பயணத்தில் ஒரு பிறந்த வீடாக இருக்கலாம். எனக்கு இந்தச் செய்தி இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

சரி, ஆபத்து எப்போது? முதல் ஒரு மாதம். கொசு வந்துவிடும், வேட்டைக்காரர்கள் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அந்த மாதத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்தால் ஓரத்தில் ஐந்தாறு இடத்தில் மொண்டு பாருங்கள். வெள்ளையில் கொசுப்புழு நன்றாகத் தெரியும். நெளிந்து நெளிந்து மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். டீ வடிகட்டியால் அள்ளி மண்ணில் போட்டுவிடலாம். நிறைய இருந்தால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து கிடைக்கிறது. அது கொசுப்புழுவையும் அதன் நெருங்கிய உறவுப் பூச்சிகளையும்தான் கொல்லும். தவளைக்கும் தட்டானுக்கும் கேடு இல்லை. மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் ஊற்றாதீர்கள். மேலே வந்து மூச்சு வாங்கும் அத்தனை உயிரும் அதில் சாகும்.

அந்த மாதம் கடந்த பிறகும் எப்போதாவது மொண்டு பார்ப்பது நல்லது. அப்போதும் கொசுப்புழு நிறைய இருந்தால் குட்டையில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஆகாயத்தாமரை மூடியிருக்கும், அல்லது பக்கத்துச் செடிக்கு அடித்த பூச்சிமருந்து இறங்கியிருக்கும்.

சுருக்கமாக: கொசுவுக்கு வேண்டியது பத்து நாள், அதைத் தின்பவற்றுக்கு வேண்டியது பல வாரம். நிலைத்து நிற்கும் குட்டையில் இரண்டாவது கூட்டம் ஜெயிக்கும். சிரட்டையையும் டிரம்மையும் வாரத்துக்கு ஒருமுறை கவிழ்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குட்டை இருக்கிறது என்பது அதற்கு மாற்று ஆகாது.

## மீன் விட வேண்டுமா?

என் பதில்: வேண்டாம். குறைந்தது முதல் இரண்டு வருடம்.

கொசுவை ஒழிக்க என்று கம்பூசியா மீனையும் கப்பி மீனையும் விடுகிறார்கள். இரண்டும் கொசுப்புழு தின்னும், அது உண்மை. ஆனால் தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டானின் இளம்பூச்சி, நீர்த்தெள்ளு எல்லாவற்றையும் சேர்த்துத் தின்னும். கம்பூசியா வட அமெரிக்க மீன். 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்றைக்கு, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. மூடிய கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் விடுவது வேறு விஷயம், அங்கே காப்பாற்ற வேறு உயிர் இல்லை. தவளைக்காக வெட்டிய குட்டையில் அதை விடுவது, குருவிக்குக் கூடு வைத்துவிட்டு அதற்குள் பூனையை ஏற்றுவது மாதிரி.

கலர் மீன்கள் இன்னொரு வகைத் தொல்லை. தீனி போடுவோம், தீனியும் கழிவும் ஊட்டச்சத்தாக மாறும், தண்ணீர் பச்சையாகவே இருக்கும், வடிகட்டி வாங்குவோம், பம்ப் வாங்குவோம். அந்தப் பம்ப் நீர்த்தெள்ளையும் குட்டித் தலைப்பிரட்டையையும் உறிஞ்சி அரைத்துவிடும். மீன் வளர்க்க ஆசை என்றால் தனித் தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள். சலித்துப் போனால் ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற சக்கர் மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகிவிட்டது.

## செடிகள்

மூன்று விதம் வேண்டும். தண்ணீருக்குள்ளேயே வாழும் மூழ்குசெடி, உதாரணமாக வேலம்பாசி. இது ஆக்சிஜன் தரும், ஊட்டச்சத்தை இழுக்கும். வேர் அடியிலும் இலை மேலேயும் இருக்கும் அல்லி. நம் நாட்டு வெள்ளை, நீல அல்லி போதும். இலை தண்ணீர்ப் பரப்பில் பாதியை மூடும் அளவுக்கு விட்டு, மீறினால் கிள்ளிவிடுங்கள். கடைசியாக விளிம்புச் செடி: வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, வசம்பு, கோரை. பாதியைச் சமையலுக்கே பறிக்கலாம் என்பது கூடுதல் சந்தோஷம்.

விளிம்பில் இரண்டு மூன்று செடியாவது நேராக, உயரமாகத் தண்ணீருக்கு மேல் எழ வேண்டும். தட்டானின் இளம்பூச்சி வளர்ந்ததும் இரவில் அந்தத் தண்டைப் பிடித்து மேலே ஏறி, முதுகுத் தோல் வெடித்து, இறக்கையோடு வெளியே வரும். தண்டு இல்லாவிட்டால் ஏற வழியில்லை. காலையில் கோரைத் தண்டில் வெற்றுச் சட்டை ஒட்டியிருந்தால் உங்கள் குட்டையில் ஒரு தட்டான் பிறந்திருக்கிறது. தண்ணீருக்கு மேல் கவிந்த இலை ஏதாவது இருந்தால் மரத்தவளை அதில் நுரைக்கூடு கட்டும். சோப்பு நுரை போல் வெள்ளையாக ஒட்டியிருக்கும், அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். சில நாளில் உள்ளிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சொட்டும்.

நர்சரியில் ஊதாப்பூவுடன் மிதக்கும் ஆகாயத்தாமரையைக் கொடுப்பார்கள். சில ஊரில் வெங்காயத்தாமரை என்பார்கள். வாங்க வேண்டாம். தென்னமெரிக்கச் செடி, நல்ல சத்துள்ள தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகும். பரப்பை முழுக்க மூடிவிட்டால் வெளிச்சமும் இறங்காது, ஆக்சிஜனும் இறங்காது.

## வெட்டும்போது

இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் இருந்தாலே போதும். ஆழம் அதிகபட்சம் 45 சென்டிமீட்டர். ஒரு முனையில் கரைப்பக்கம்: செங்குத்தாக இறங்கலாம். மறுமுனையில் உள்வாய்: மூன்றுக்கு ஒன்று என்ற சரிவு, அதாவது மூன்று சாண் நடந்தால் ஒரு சாண் ஆழம். 45 சென்டிமீட்டர் இறங்க 135 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். மண்வெட்டிக்காரர் இதைக் கேட்டு, "இவ்வளவு இடம் வீணாகுதே" என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

நல்ல களிமண் உள்ள ஊரில் மிதித்துக் கெட்டித்தாலே தண்ணீர் நிற்கும். மற்ற இடங்களில் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஷீட் வாங்குங்கள். நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழத்தையும் சேர்த்து, ஓரத்துக்கு இரு பக்கமும் ஒரு அடி கூட்டினால் வாங்க வேண்டிய அளவு கிடைக்கும். அகலத்துக்கும் இதே கணக்கு. அடியில் கல், வேர் எல்லாம் பொறுக்கிவிட்டு, பழைய சாக்கு விரித்து, அதன்மேல் ஷீட். ஷீட்டின் மேல் எரு கலக்காத மண்ணும் மணலும் கூழாங்கல்லும். இந்த மண் மூடவில்லை என்றால் வெயில் ஷீட்டைச் சீக்கிரம் இற்றுப்போகச் செய்யும், ஏறி வரும் தவளைக்கும் ஓணானுக்கும் கால் வழுக்கும்.

நிரப்ப மழைத்தண்ணீர்தான் சிறந்தது, அதில் ஊட்டச்சத்து மிகக் குறைவு. இந்தக் குட்டைக்கு ஏறக்குறைய 600 லிட்டர் ஆகும். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் வழிகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீட்டில் குழாய் ஏற்கெனவே தரைக்கு இறங்கியிருக்கும். முதல் மழையின் அழுக்கை விட்டுவிட்டு, அடுத்த மழையைக் குட்டைக்குத் திருப்பி, நிறைந்து வழிவதைச் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள். அதனால் புரட்டாசியில் வெட்டி, ஐப்பசியில் நிரம்ப விடுவது நல்ல கணக்கு. குழாய்த் தண்ணீர்தான் வழி என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

## பாம்பும் குழந்தையும்

தவளை இருந்தால் பாம்பு வரலாம். இதை மறைக்க விரும்பவில்லை. அதிகம் வருவது தண்ணீர்ப்பாம்பு, அதற்கு விஷம் இல்லை. இருந்தாலும் எந்தப் பாம்பையும் கையால் தொடக் கூடாது, அடிக்கவும் வேண்டாம். குட்டையை வாசலையோ படுக்கையறை ஜன்னலையோ ஒட்டி வெட்டாமல் தோட்டத்தின் கோடியில் வெட்டுங்கள். நடுவில் பத்தடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் போகாதீர்கள். செங்கல், விறகு, தேங்காய் மட்டைக் குவியலை அருகில் சேர்க்காதீர்கள்; எலி அங்கேதான் குடியிருக்கும், விஷப்பாம்பு எலியைத் தேடித்தான் வரும்.

என்னைப் பொறுத்தவரை பாம்பைவிடப் பெரிய கவலை குழந்தை. நடைபழகும் குழந்தை ஒரு சாண் தண்ணீரில்கூட மூழ்கிவிடும், சத்தமே வராது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கிற, வந்துபோகிற வீடு என்றால் இடுப்பளவு கம்பி வேலியும் தாழ்ப்பாள் உள்ள கதவும் போட்ட பிறகுதான் தண்ணீர் நிரப்ப வேண்டும். வேலிக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், தவளை போய்வர.

## கோடையும் பராமரிப்பும்

சித்திரை வைகாசியில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே தண்ணீர் இறங்கும். தினமும் விளிம்பு வரை நிரப்ப வேண்டியதில்லை. சுருங்கும் தண்ணீர் விட்டுச்செல்லும் ஈர வளையத்தில்தான் வண்ணத்துப்பூச்சிகள் இறங்குகின்றன. ஆழமான பக்கத்தில் ஒரு சாண் தண்ணீர் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை ஊருக்குப் போன நேரத்தில் முழுக்க வற்றிப்போனாலும் பதற வேண்டாம். நம் ஊர்க் குட்டைகள் என்றைக்குமே வற்றி நிறைபவைதான். மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும் தவளைகள் இங்கே உண்டு. நத்தையும் ஓட்டை மூடிக்கொண்டு சேற்றுக்குள் காத்திருக்கும். யாராவது ரகசியமாக விட்டுவிட்டுப் போன கப்பி மீன்களுக்கு மட்டும் அது முடிவு. முதல் மழையில் தவளைகள் கத்தத் தொடங்கும்போது குட்டை எங்கும் போய்விடவில்லை என்று தெரியும்.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு, செடிகளில் மூன்றில் ஒரு பங்கையும் அடிச்சேற்றில் கொஞ்சத்தையும் எடுங்கள். முழுக்க ஒரே நாளில் வேண்டாம், பாதியை விட்டு ஒரு மாதம் கழித்து மீதி. எடுத்த வேலம்பாசியை உடனே உரக்குழியில் போட்டுவிடாதீர்கள். அதன் சிக்கலுக்குள் தட்டானின் இளம்பூச்சிகளும் குட்டித் தலைப்பிரட்டைகளும் மாட்டியிருக்கும். தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு, சரிவிலேயே விளிம்பை ஒட்டிப் பரப்பி, ஒரு இரவு விட்டுவையுங்கள். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாக அந்தச் சரிவு வழியே நகர்ந்து தண்ணீருக்குத் திரும்பிவிடும்.